மலைக்குக் கீழே நடப்பவர்கள்

நிலக்காட்சி ஓவியத்தைச் சீனர்கள் 'ஷான்ஷுய்' என்கிறார்கள். ஷான் என்றால் மலை, ஷுய் என்றால் நீர். பெயரிலேயே மனிதன் இல்லை. இதை வைத்து, 'இயற்கைக்கு முன்னால் மனிதன் தூசு' என்று பேசி முடித்துவிடுவது சுலபம். ஓவியம் பற்றிய உரையாடல்களில் இந்த வாக்கியம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும்.

ஃபான் குவான், ஏறக்குறைய ஆயிரமாவது ஆண்டில், வட சோங் காலத்தில் வரைந்த 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்' தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டுத்துணியில் வரைந்தது. உயரம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 1 மீட்டர். நான் தைப்பேய்க்குப் போனதில்லை. கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் பார்த்திருக்கிறேன்.

படத்தின் பெரும்பகுதியை ஒற்றை மலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாறையின் சொரசொரப்பெல்லாம் மழைத்துளி விழுந்ததைப் போன்ற சின்னச் சின்னத் தூரிகைக் குத்துகள். வலப்பக்கப் பிளவில் நூல்போல அருவி. மலையின் அடியில் மூடுபனி. அங்கே எதுவும் வரையப்படவில்லை, வெறும் பட்டுத்துணிதான். அதனால் மலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடிவதில்லை. பனிக்கு இப்பால் மரங்கள், பாறைகள், ஓடை. எல்லாவற்றுக்கும் கீழே, வலது மூலையில், மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டிவரும் ஆட்களும்.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்து எட்டு மாதமாகிறது. தோட்டத்தில் இருபது வருடம் காண்டாவில் பால் வாளி சுமந்தவர். இப்போது அவருக்குத் தெரிவதெல்லாம் எதிர் ஃபிளாட்டின் பின்பக்கம் மட்டும். தூக்கம் வராத ஒரு ராத்திரி, "என்னா அப்படிப் பாக்குற?" என்றார். படத்தைக் காட்டினேன். மலையை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"மூட்டை ரொம்ப இருக்கே. எங்கப் போறாங்க இவங்க?"

"தெரியலம்மா."

"ராத்திரி தங்க எடம் இருக்கா?"

தேடினோம். மேலே மரங்களுக்கு நடுவே கூரைகள் தெரிந்தன. கோயில். "அப்ப சரி" என்றார்.

1072இல் 'இளவசந்தம்' வரைந்த குவோ ஷி, அரண்மனை ஓவியர். அவருடைய கருத்துகளை அவர் மகன் தொகுத்து வைத்தார். நடந்து போகத் தோன்றும் மலை, பார்க்கத் தோன்றும் மலை என்பதோடு நின்றுவிடாமல், உலாவவும் குடியிருக்கவும் தோன்றும் மலையை வரைவதே உயர்ந்தது என்பது அவர் கட்சி. தங்க இடம் இருக்கிறதா என்று அம்மா கேட்டதும் அதைத்தான்.

மலை ஓவியம் எதற்கு என்பதற்கும் குவோ ஷியிடம் பதில் இருக்கிறது. அரசனுக்கும் பெற்றோருக்கும் கடமைப்பட்டவர்களால் எல்லாவற்றையும் விட்டுக் காட்டுக்குப் போக முடியாது. அவர்கள் அறையை விட்டு நகராமலேயே மலைக்குப் போய்வர ஓவியம் வேண்டும். அவருக்கும் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, முதுமையில் மலையேற முடியாமல் போன ஸோங் பிங், தான் பார்த்த மலைகளைச் சுவரில் வரைந்துகொண்டு படுத்தபடியே அவற்றில் பயணம் செய்தார். ஆக, ஷான்ஷுய் மலைக்குப் போகமுடியாதவர்களின் கலையும்தான்.

இது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், முழுசா இல்லை. நண்பர்கள் கினாபாலு உச்சியிலிருந்து படம் அனுப்பும் நாட்களில் எரிச்சல்தான் வருகிறது. தவிர, கடமையில் கட்டுண்ட அந்த அதிகாரிகளுக்கு மலையை அறைக்குள் கொண்டுவர ஓவியர்கள் இருந்தார்கள். கழுதை ஓட்டுபவர்களோ மலையின் காலடியிலேயே நடக்கிறார்கள். நின்று அதை ரசிக்க அவர்களுக்கு ஏது நேரம்?

ஃபான் குவான் கையெழுத்து எங்கே என்பது 1958 வரை தெரியாமல் இருந்தது. அந்த ஆண்டு, அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லீ லின்-ட்சான் அதைக் கண்டுபிடித்தார். சிகரத்தில் இல்லை, வானத்தில் இல்லை. கழுதைகளுக்குப் பின்னால், இலைகளுக்கு நடுவே, இலையோடு இலையாக இரண்டு எழுத்துகள்.

அவ்வளவு பெரிய மலையை எழுப்பிய கை, தன் பெயரை வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் சுமையோடு போகிறவர்களின் பின்னால். அதை அடக்கம் என்று வாசிக்கலாம். எனக்கு அது துணைக்குப் போவதாகத்தான் படுகிறது. அந்த மனிதர்கள் தூசாக இருந்திருந்தால் ஓவியர் அங்கே போய் நின்றிருக்க மாட்டார்.

இணையத்தில் படம் கிடைக்கிறது. திறந்தால் மலையில் நின்றுவிடாதீர்கள். கீழே, வலது மூலைக்கு வாருங்கள்.