மலைப்பனியில் மொறுமொறுப்பு

கள்ளக்குறிச்சியை விட்டுக் கச்சிராயபாளையம் நோக்கிப் பேருந்தில் செல்வோர், சன்னலோரம் அமர்ந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். இருமருங்கும் கரும்பு; கரும்பு ஓயும் இடத்தில் மரவள்ளி. கரும்பு கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கோ லாரி ஏறி, ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் உருமாறுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, 1940களில் சேலத்தில் வேரூன்றிய தொழில் அது. 1981இல் அதற்கெனச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. ஆக, ஐஸ்கிரீம் கோனுக்கு வேண்டிய சர்க்கரையும் மாவும் விளையும் சாலை இது. ஆனால் கோன் மட்டும் வெளியூரிலிருந்து அட்டைப் பெட்டியில் வருகிறது!

கோமுகி அணையைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்கிவிடும். கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி வரை உயர்ந்தது. சாமையும் தினையும் தேனும் தரும் மலை. மலையாளி என்னும் பழங்குடி மக்களின் தாயகம். (இப்பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தாரோ என்று மயங்குவோர் இன்றும் உளர்.) 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் வருவோர் தொகை பெருகியிருப்பது நம் கண்ணுக்கே தெரிகிறது. கரியாலூரில் படகுத்துறை உண்டு, சிறுவர் பூங்கா உண்டு. கோடை விழா நாட்களில் ஐஸ் வண்டிகளுக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் கையில் காணும் கோன், பெரும்பாலும் நனைந்த அட்டைபோல் தொய்ந்து கிடக்கும்.

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நமக்கு அறிமுகமான குடும்பம் உண்டு. வானம் பார்த்த இரண்டு ஏக்கர் நிலம். படிக்கும் பிள்ளைகள் மூவர். வீட்டம்மாள் கிறிஸ்மஸுக்குச் சுடும் அச்சு முறுக்கு ஊரறிந்தது. கோடையில் வீட்டிலேயே கோன் சுட்டு மலைமேல் வண்டிக்காரர்களுக்கு விற்றால் பள்ளிக் கட்டணத்திற்கு ஆகுமே என்று அவர் முனைந்தார். அடிவாரத்தில் கடித்தால் ‘நறுக்’கென்று உடைந்த கோன், மலையேறிக் கூடையைத் திறந்த அரைமணி நேரத்தில் சோர்ந்துவிட்டது. வண்டிக்காரர்கள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“சாமி, கீழே கண்ணாடி மாதிரி இருக்கு, மேலே போனா துணி மாதிரி ஆயிடுது. ரெண்டு கிலோ சர்க்கரை வீணாப்போச்சு” என்று அவர் நம்மிடம் முறையிட்டபோது கண் கலங்கியிருந்தது.

அவர் வாயாலேயே விடை வந்துவிட்டதை அப்போது அவர் அறியார். கண்ணாடி என்றாரே, அதுதான் உண்மை. நற்கருணை அப்பம் சுடுவதைக் கன்னியர் மடத்தில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காய்ந்த இரண்டு இரும்புத் தகடுகளின் நடுவே கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், வேறெதுவும் கூடாது. அந்த அப்பத்தை வளைத்தால் ஒடியும். இதே போன்ற இரும்புகளில்தான் இடைக்கால பிரான்சில் தின்பண்ட அப்பங்களும் சுட்டார்கள். அதற்கு ‘ஊப்லி’ என்று பெயர். காணிக்கை என்று பொருள்படும் ‘ஒப்லாத்தா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இனிப்புச் சேர்ந்ததும் அதைச் சூட்டோடு சுருட்ட முடிந்தது. இன்றைய கோனின் பாட்டன் அதுதான். 1888இல் இலண்டனில் ஆக்னஸ் மார்ஷல் அம்மையார் தம் சமையல் நூலில் கூம்பு அப்பத்தில் கிரீம் நிரப்பச் சொன்னார். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அது பெரும்புகழ் பெற்றது. முதலில் செய்தவர் நானே என்று உரிமை கொண்டாடியோர் பலர்; அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

சூட்டில் இளகிய சர்க்கரை, ஆறும்போது கண்ணாடிபோல் இறுகுகிறது. மொறுமொறுப்பு என்பது அதுவே. அதே சர்க்கரை காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் மீண்டும் இளகுகிறது. மலைமேல் பனிமூட்டமும் மாலைத் தூறலும் இருக்க, திறந்த கூடை எப்படித் தாங்கும்?

செய்முறை இதுதான். இரண்டு முட்டைகளின் வெண்கரு, 100 கிராம் பொடித்த சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை நன்றாகக் கலந்து, 65 கிராம் மைதாவும் 20 கிராம் மரவள்ளி மாவும் சலித்துச் சேர்த்து, உருக்கிய வெண்ணெய் 30 கிராம் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மரவள்ளி மாவு மைதாவின் இழுவையைத் தணித்து, மொறுமொறுப்பைக் கூட்டும். சாமை மாவும் சிறிது சேர்க்கலாம். கூடினால் சுருட்டும்போது விண்டுபோகும். கால் மணி நேரம் ஊறியபின், வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் சிறு தீயில் ஆறங்குல வட்டமாக, எத்துணை மெல்லியதாக இயலுமோ அத்துணை மெல்லியதாகப் பரப்புங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகும்; திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். இங்கே அவசரம் கூடாது. வெளிறிய நிறத்தில் எடுத்தால் உள்ளே ஈரம் தங்கி, ஆறிய பின்னும் மெத்தென்றே இருக்கும். பழுப்பு ஏறிய பின் எடுப்பதே சரி.

எடுத்ததும் தாமதம் கூடவே கூடாது. பத்து விநாடி பிந்தினாலும் தகடு இறுகிவிடும். துணியால் கை சுடாமல் பிடித்து, தச்சர் கடைந்து தந்த மரக்கூம்பின்மேல் சுருட்டி, நுனியை அழுத்தி மூடி, பொருத்து வாயைக் கீழாக வைத்துக் கால் நிமிடம் பிடியுங்கள். ஒவ்வொன்றாகச் சுடுவதே முறை. இரண்டு தகடுகளை ஒரே நேரத்தில் சுட்டெடுத்தால் ஒன்று உறுதியாக வீணாகும். முழுதும் ஆறியபின்னரே காற்றுப் புகாத டின்னில் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதற்குப் பகை.

இனி ஐஸ்கிரீமின் ஈரம். இதற்கு இத்தாலியர் கண்ட வழி ஒன்றுண்டு. 1959இல் நேப்பிள்ஸ் நகரின் ஸ்பீக்கா நிறுவனத்தார் கோனின் உட்புறத்தில் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலவையைப் பூசினார்கள். ஈரம் அதைத் தாண்டவில்லை. வீட்டில் உருக்கிய சாக்லேட்டை உள்ளே தடவி, நுனியில் ஒரு சொட்டு விட்டாலே போதும்.

அந்த அம்மாளுக்கு நாம் சொன்ன யோசனை சிறியது: கோனைச் சுமக்காதீர்கள், மாவைச் சுமந்து செல்லுங்கள். சென்ற கோடையில் அவர் தூக்குப் பாத்திரத்தில் மாவுடன் மலையேறி, உறவினர் ஒருவரின் தேநீர்க் கடையோரம் அடுப்பு மூட்டினார். வெண்ணெயும் சர்க்கரையும் கருகாமல் பழுக்கும் மணம் படகுத்துறை வரை எட்டியது. சுட்ட கோன் டின்னுக்குள் போகவே நேரமில்லை. சுருட்டும்போது ஒடிந்த துண்டுகளைத் தனியே ஒரு தட்டில் வைத்திருந்தார். விலை கேட்டோம்.

“அதுக்குக் காசு இல்லே சாமி, சின்னப் பிள்ளைங்களுக்கு” என்றார்.