கோதுமை வெளியில் ஓர் ஏரிக்கரை

ஊர்களுக்குப் பெயர் எவ்வாறு அமைகிறது? ஆறும் குளமும், கோயிலும் மரமும், வாழ்ந்து மறைந்த பெரியோரும் பெயர் தருவதை நாம் அறிவோம். இருப்புப்பாதைக் கம்பெனியின் எழுத்து மேசையிலேயே பிறந்த ஊர்ப்பெயர்களும் உண்டு. சரக்கு அலுவலகத்தில் நாள்தோறும் நிலையப் பெயர்களை எழுதிப் பிழைக்கும் எனக்கு, அத்தகைய ஊர்களை நேரில் காணும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது.

கனடாவின் சாஸ்கச்சுவான் மாநிலத்தில் என் தமக்கை குடும்பத்துடன் வாழ்கிறாள். அவளது பேறுகாலத்துக்கு அன்னையாரை அழைத்துச் சென்றிருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்ததும், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாஸ்கடூன் நகரிலிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாகக் காரில் சென்றோம். கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை வயல். மலையில்லை, தோப்பில்லை. வானமே அங்கு பெரும்பொருள்.

அவ்வழியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி பாதை அமைத்தது. ஆளற்ற வெளியில் நிலையங்களை நிறுவி, ஆங்கில அகரவரிசைப்படி பெயரிட்டுக்கொண்டே போனார்கள். டபிள்யூவுக்கு வாட்ரஸ், எக்ஸுக்கு ஜீனா, ஒய்க்கு யங், இசட்டுக்கு ஜெல்மா. மறுபடியும் ஆலன், பிராட்வெல், கிளாவெட்! வாட்ரஸ் என்பது கம்பெனியின் பொது மேலாளர் பிராங்க் வாட்ரஸ் மோர்ஸ் என்பாரின் நடுப்பெயர். எக்ஸில் தொடங்கும் பெயருக்காகத் தலையைச் சொறிந்த குமாஸ்தா ஒருவன் அங்கும் இருந்திருப்பான் என்று எண்ணி நகைத்துக்கொண்டேன்.

வாட்ரஸுக்குச் சற்று வடக்கே இருப்பது மானிட்டூ பீச் என்னும் சிற்றூர். சில நூறு பேரே நிலையாக வாழ்கின்றனர். அவ்வூர் சிறிய மானிட்டூ ஏரியின் கரையில் உள்ளது. அந்தப் பெயரை எந்தக் கம்பெனியும் ஆக்கவில்லை. மானிட்டூ என்பது அந்நிலத்தின் பழங்குடியினர் மொழியில் பேராற்றலாகிய ஆவியைக் குறிக்கும் சொல். அம்மை கண்ட பழங்குடியினர் சிலர் இந்நீரைப் பருகி, இதில் நீராடிப் பிழைத்தனர் என்றொரு கதை வழங்குகிறது.

ஏரிக்குள் நீர் வருவதற்கு ஊற்றுகள் உண்டு, வெளியேற வழியில்லை. வெயில் நீரை மட்டும் கொண்டுபோகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கடல்நீரினும் உப்பு மிகுந்த அந்நீரில் மனித உடல் அமிழ்வதில்லை. முழங்கால் வலியால் துன்புறும் அன்னையார் சேலையுடன் மெல்ல இறங்கினார். ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தார். "இது என்னடா தம்பி, கடலைச் சுண்டக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருக்கிறதே!" என்றார். நீர் அவரை ஏந்திக்கொண்டது. தமக்கையின் கையைப் பற்றியவாறே மிதந்தவர், "நம்ம ஊர் ஏரியில் இறங்கி எத்தனை வருஷமாச்சு!" என்று சொல்லிவிட்டுப் பேசாமலிருந்தார். ஊரில் வீட்டை விற்று என்னோடு நாகபுரிக்கு வந்தவர் அவர்.

கரையிலே டான்ஸ்லேண்ட் என்னும் நடனக் கூடம் 1928-இல் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. மரத்தளத்தின் அடியில் குதிரை மயிர் பரப்பியிருப்பதால், ஆடுவோர் கால்களுக்கு மெத்தென்றிருக்கிறது. அங்கு ஒரு முதியவரைச் சந்தித்தோம். தம் பெற்றோர் இத்தளத்தில் ஆடியதாகவும், இப்போது பேரனுடன் வந்திருப்பதாகவும் கூறினார். "இங்கே உங்களுக்கு வீடு உண்டா?" என்று கேட்டேன். "இருந்ததே இல்லை; கோடைதோறும் வருவோம், அவ்வளவுதான்" என்றார்.

பெயரிட்ட கம்பெனி 1919-இல் நொடித்து அரசின் கைக்குப் போயிற்று. எழுத்து வரிசையில் முளைத்த நிலையங்களில் சில ஊராக வளர்ந்தன. சில பெயரளவில் தேய்ந்தன. ஏரிக்கரையோ, வருவோர் வந்துகொண்டிருப்பதால் வாழ்கிறது.

அன்பர்களே, "ஊரில் நமக்கு என்ன இருக்கிறது, எதற்காகப் போவது?" என்று நம் இல்லங்களில் கேட்கிறோம். அன்னையார் ஒவ்வோர் ஆண்டும் கேட்டபோதெல்லாம் நானும் அவ்விடையையே சொல்லி வந்தேன். அங்கிருந்து திரும்பிய பின் வந்த பொங்கலுக்கு, பாஸ் எழுதி வாங்கிக் குடும்பத்தோடு புறப்பட்டேன். உறவினர் வீட்டுத் திண்ணையில் மூன்று இரவு தங்கினோம். ஏரியில் முழங்காலளவே தண்ணீர் இருந்தது. என் மகன் அதில் இறங்கினான், அவன் பாட்டி கரையில் நின்று, "அங்கே போகாதே, சேறு!" என்று இடத்தைக் காட்டிக் காட்டி எச்சரித்துக்கொண்டிருந்தார். எங்கெங்கே சேறு என்பது அவருக்கு மறந்திருக்கவில்லை.