முட்டை ஊரிலிருந்து பூநாரை ஊருக்கு!

கடைசியா அப்பா, அம்மாவோட நீங்க டூர் போனது எப்போ? மொட்டை போட பழனி, கிடா வெட்டுக்குக் குலதெய்வம் கோயில், மாமா வீட்டு சீர்... இதெல்லாம் ஆட்டத்துல சேர்த்தி இல்லை. ஒரு வேலையும் இல்லாம, சும்மா நடக்க, வேடிக்கை பார்க்க, வீட்டுல எல்லாரும் சேர்ந்து கிளம்பினது எப்போ? யோசிக்கிறீங்கள்ல? காலேஜ் சேர்ந்ததும் நமக்கு ஐ.வி., ஃப்ரெண்ட்ஸோட ஏற்காடு, கொல்லிமலைன்னு லிஸ்ட் தனி ரூட்டுல ஓட ஆரம்பிச்சிடுது. வீட்டுல இருக்கறவங்க வாசல்ல நின்னு டாட்டா காட்டுறதோட சரி.

எங்க வீட்டுல அந்த லிஸ்ட்டே கிடையாது. அப்பா லாரி டிரைவர். நாமக்கல் பக்கம் தெருவுக்கு நாலு பேர் அப்படித்தானே! லூதியானா, குவாஹாட்டி, காண்ட்லான்னு இந்தியா மேப்பையே விரல் நுனியில வெச்சிருக்கார். ஆனா எல்லாத்தையும் முன்கண்ணாடி வழியாப் பார்த்ததுதான். இறங்கி நடந்து பார்த்த ஊர்னு ஒண்ணுகூட இல்லை. அம்மா கோழிப் பண்ணையில முட்டை பொறுக்கற வேலைக்குப் போறாங்க. வீட்டுல நாலு வெள்ளாடு வேற. பண்ணையும் ஆடும் அவங்களை ஒரு ராத்திரிகூட வெளியே தங்க விடாது.

போன வருஷம் அக்காவுக்கு நிச்சயம் ஆச்சு. மாசியில கல்யாணம், உடனே மாப்பிள்ளையோட ஷார்ஜா. "நாம நாலு பேரும் சேர்ந்து எங்கேயுமே போனதில்லைல்லடா?"ன்னு அவ ஒரு நாள் சாதாரணமாத்தான் கேட்டா. வீடே கப்சிப்!

அன்னிக்கு ராத்திரியே பிளான் ரெடி. ரெண்டு நாள். அக்கா கேட்டது கடல். நான் கேட்டது காடு, மிருகம், பறவை. அப்பா கேட்டது கூட்டம் இல்லாத இடம். மூணும் ஒரே இடத்துல வேணும்னா தமிழ்நாட்டுல ஒரு ஊர் இருக்கு: கோடியக்கரை. அம்மா ஒண்ணும் கேட்கலை. "ஆட்டை யாரு பாக்கறது?"ன்னு மட்டும் கேட்டாங்க. சித்தி ஒத்துக்கிட்டாங்க.

அப்பாதான் சிரிச்சார். "வேதாரண்யத்துக்கு உப்பு லோடு ஏத்தப் போகாத வருஷமே இல்ல தம்பி."

"அப்போ கோடியக்கரை?"

"போர்டு பாத்துருக்கேன்."

வேதாரண்யத்துல இருந்து கோடியக்கரை 11 கிலோமீட்டர்தான். ஆனா லோடு ஏறினா தார்ப்பாய் கட்டிக் கிளம்பணும். அந்த 11 கிலோமீட்டருக்கு யாரு வாடகை தருவாங்க?

டிசம்பர் கடைசியில மாமாவோட பழைய ஆம்னியில கிளம்பினோம். தொட்டியம், முசிறின்னு காவிரிக்கரையை ஒட்டியே திருச்சி. அப்புறம் தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். சுமார் 250 கிலோமீட்டர். நம்ம ஊர் சோளக்காட்டையும் குச்சிக்கிழங்குக் காட்டையும் பார்த்துப் பழகின கண்ணுக்கு, தஞ்சாவூர் தாண்டினதும் பச்சை அப்படியே நீண்டுக்கிட்டே போகுது. "இதுல பத்துல ஒரு பங்கு தண்ணி நம்ம காட்டுக்கு வந்தாப் போதும்"னு அம்மா பெருமூச்சு விட்டாங்க.

வேதாரண்யம் தாண்டினதும் அகஸ்தியம்பள்ளி. ரெண்டு பக்கமும் உப்பளம், நடுவுல ஒரு நினைவு ஸ்தூபி. இங்கே ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுங்க. ஏன்னா இது நம்ம ஊர்க் கதையும்கூட. 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில இருந்து சுமார் நூறு தொண்டர்களோட நடக்க ஆரம்பிச்ச ராஜாஜி, 28-ம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30-ம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். வழியில இவங்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் மிரட்டியும் ஜனங்க சோறு போட்டாங்க. ராஜாஜி சேலத்துல வக்கீலா இருந்தவர். 1917-ல சேலம் நகராட்சித் தலைவர் ஆனவர். 1925-ல திருச்செங்கோடு பக்கத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சவர். அந்த நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தது யாரு? மோகனூர்ல பிறந்த நாமக்கல் கவிஞர்! 'பொன்னியின் செல்வன்'ல பூங்குழலியைக் கோடியக்கரையில படகு ஓட்ட விட்ட கல்கியும், அதே திருச்செங்கோடு ஆசிரமத்துல ராஜாஜியோட 'விமோசனம்' பத்திரிகைக்கு வேலை பார்த்தவர்தான். ஆக, கடலே இல்லாத நம்ம ஊருக்கும் இந்தக் கடற்கரைக்கும் பழைய சொந்தம்.

"முட்டி வலிக்குது, நான் வண்டியிலயே இருந்துக்கறேன்"னு அப்பா ஆரம்பிச்சப்போ இந்தக் கதைதான் கை கொடுத்துச்சு. "ராஜாஜி நடந்தப்போ அவருக்கு 51 வயசுப்பா. உங்க வயசுதான்!" அப்பா செருப்பை மாட்டிக்கிட்டார்.

மறுநாள் விடியக்காலை காட்டுக்குள்ளே போனோம். உள்ளூர் வழிகாட்டி அண்ணன் ஒருத்தர் கூட வந்தார். 1967-ல சரணாலயமா அறிவிச்ச இடம் இது. காடுன்னதும் கொல்லிமலை மாதிரி வானம் முட்டற மரங்களை எதிர்பார்க்காதீங்க. உப்புக் காத்துக்குக் குனிஞ்சு நிக்கற குட்டை மரங்கள், நடுவுல நடுவுல புல்வெளி. பாலை மரம்தான் அதிகம். கோடையில வந்தா அதோட பழத்தைத் தின்னலாமாம்.

நானும் அக்காவும் மான் எங்கேன்னு தூரத்தையே பார்த்துக்கிட்டு வந்தோம். அம்மா கீழே பார்த்துக்கிட்டு வந்தாங்க. திடீர்னு நின்னு, "ஏனுங்க, இங்க பாருங்க. இது ஆட்டுப் புழுக்கை இல்லைங்க. ஆடு நடந்துக்கிட்டே போடும். இது ஒரே எடத்துல வந்து வந்து போட்டு வெச்சிருக்குது"ன்னாங்க.

வழிகாட்டி அண்ணன் அசந்துட்டார். அது வெளிமான் போட்டது. ஆண் மான் தன் இடத்துக்கு எல்லைக்கல் நடற மாதிரி அப்படிக் குவிச்சு வைக்குமாம். அங்கே இருந்து நூறடி நடந்திருப்போம். முறுக்கின கொம்போட, கருப்பு முதுகும் வெள்ளை வயிறுமா ஒண்ணு நிக்குது! பக்கத்துல கொம்பில்லாத பொட்டை மான்கள் ஏழெட்டு. எங்களைப் பார்த்ததும் ஒண்ணு எம்பிக் குதிச்சுது பாருங்க, சான்ஸே இல்லை. அது போன வழியில யாரோ விட்டுட்டுப் போன மட்டக்குதிரைகளோட வாரிசுகள் அலட்டிக்காம மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

புல்வெளி ஓரத்துல அம்மாவுக்குத் தெரிஞ்ச செடி ஒண்ணு. சீமைக்கருவேலம். "இது இங்கயும் வந்துருச்சா?" இந்தக் காட்டுக்குப் பெரிய தலைவலியே அதுதானாம். வெளிமானுக்கு வெட்டவெளி வேணும். ஓடித் தப்பிக்கற பிராணி அது. முள்ளு மூடிட்டா அதுக்கு இடமே இல்லை. "நெத்தை மானு திங்குமே? ஆடு தின்னா புழுக்கையில வெதை அப்பிடியே வந்து மொளைக்கும். மானுக்கு மட்டும் என்ன?"ன்னு அம்மா கேட்டாங்க. "அதேதாம்மா. மான், குதிரை, மாடு எல்லாம் சேர்ந்து பரப்புது"ன்னார் அண்ணன். ஆராய்ச்சிக்காரங்க பேப்பர் எழுதற விஷயத்தை எங்க அம்மா ஆடு மேய்ச்சே கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க!

சாயங்காலம் சதுப்பு நிலம். வேதாரண்யம் சதுப்பையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து 2002-ல ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க. உலக அளவுல காப்பாத்த வேண்டிய ஈரநிலங்களோட பட்டியல் அது. தூரத்துல வெள்ளைக்கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. பைனாகுலர் வெச்சுப் பார்த்தா... பூநாரை! தலையைத் தலைகீழாத் தண்ணியில விட்டு அலசி அலசித் தின்னுது. ரெக்கையை விரிச்சதும் உள்ளே ரோஸ் கலர். அந்தக் கலர் பிறக்கும்போதே வர்றது இல்லை, திங்கற பாசி, கூனி வகையறாவுல இருந்து ஏறுதுன்னு அண்ணன் சொன்னதும், அம்மா "மஞ்சக்கரு மாதிரி"ன்னாங்க. தீவனத்துல மக்காச்சோளம் குறைஞ்சா மஞ்சக்கரு வெளுத்துப் போகும்னு பண்ணையில எல்லாருக்கும் தெரியும். ரெண்டுக்கும் காரணம் கரோட்டினாய்டுங்கற ஒரே நிறமி வகைதான். நான் கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட். எனக்கு முன்னாடி அம்மா சொல்லிட்டாங்க.

அப்பா பார்த்தது வேற. காலடியில சேத்து ஓரமா குட்டிக் குட்டியா ஓடிக்கிட்டு இருந்த உள்ளான்கள். அதுல கொசு உள்ளான்னு ஒண்ணு. சுமார் 25 கிராம்தான் எடை. நம்ம நாமக்கல் முட்டை ஒண்ணே 50 கிராமைத் தாண்டும். அதுல பாதி! அது ஆர்க்டிக் பக்கம், சைபீரியாவோட வடகோடியில முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சுட்டு, பனிக்காலத்துக்கு இங்கே வருது.

அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "அத்தனை தூரத்துக்கு டீசல் எங்க அடிக்கும்?"னு கேட்டார்.

நாங்க சிரிச்சோம். ஆனா வழிகாட்டி அண்ணன் சிரிக்கலை. "சரியான கேள்விங்கய்யா. கிளம்பறதுக்கு முன்னாடி தின்னு தின்னு கொழுப்பு ஏத்திக்கும். சில பறவை எடையே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகிடும். வழியில இந்த மாதிரி சேறு கிடைக்கற இடத்துல இறங்கி மறுபடி தின்னுட்டுப் போகும்."

"அப்ப இது பங்க்கு" அப்பா சொன்னார். "ரூட்டுல ஒரு பங்க்கை மூடிட்டா வண்டி நடு ரோட்டுல நின்னுரும்."

வலசைப் பறவைகளைப் பத்தி எத்தனையோ வீடியோ பார்த்திருப்பீங்க. ஈரநிலத்தை ஏன் காப்பாத்தணும்னு இதைவிடச் சுருக்கமா யாராவது சொல்லியிருக்காங்களா?

அந்த பங்க்குக்கும் அடி விழாம இல்லை. 2004 சுனாமியில இங்கே இருந்த, சோழர் காலத்ததுன்னு சொல்லப்படற பழைய கலங்கரை விளக்கம் இடிஞ்சு விழுந்துச்சு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. காட்டுல மரங்கள் வேரோட சாய்ஞ்சு, மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்துச்சு. அதைச் சொல்லும்போது அண்ணனோட குரல் இறங்கிப்போச்சு. காடு மெல்ல மெல்லத் தளிர்த்து வருது. பறவைகளும் வருது.

பறவை எங்கே இருந்து வருதுன்னு எப்படித் தெரியும்? பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க 1960-களில் இருந்தே இங்கே பறவைகளைப் பிடிச்சு, கால்ல நம்பர் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விட்டிருக்காங்க. சாலிம் அலி வந்து வேலை பார்த்த இடம் இது. அண்ணன் இதைச் சொல்லி முடிச்சதும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "போனது மறுபடி இதே எடத்துக்கு வருங்களா?"

"வரும்மா. வளையம் மாட்டி விட்ட பறவை அடுத்தடுத்த வருஷம் இதே இடத்துல திரும்ப மாட்டியிருக்கு."

அம்மா அதுக்கப்புறம் ஒண்ணும் கேட்கலை. வண்டி நிக்கற இடம் வரைக்கும் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாங்க. அப்பா எங்களுக்கு முன்னாடி போயிட்டார். முட்டி வலியைப் பத்திப் பேச்சே இல்லை.

அக்காவுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஷார்ஜா போயிட்டா. போன்ல பேசினா மாப்பிள்ளை, சமையல், வெயில் எல்லாம் முடிஞ்சதும் ஒரு தடவையாவது கோடியக்கரை வந்துடும். அப்பா இப்போ ரோட்டுல இருந்தே எனக்கு போன் பண்றார். "தம்பி, கிருஷ்ணா ஆத்துப் பாலத்துக்குக் கீழ வெள்ளையா நிக்குது, மூக்கு கரண்டி மாதிரி இருக்குது. என்ன அது?" கரண்டிவாயன்ப்பா! முன்னெல்லாம் எங்க பேச்சு "பணம் வந்துச்சா, ஃபீஸ் கட்டிட்டியா"வோட முடிஞ்சிடும்.

நீங்க போறதா இருந்தா அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ளே போங்க. அப்போதான் பறவை கூட்டம் கூட்டமா இருக்கும். பளபளா சிவப்பு, மஞ்சள் டிரெஸ் வேண்டாம். ஸ்பீக்கர்ல பாட்டு, பிளாஸ்டிக் கவர் ரெண்டும் வீட்டுலயே இருக்கட்டும். உள்ளூர் வழிகாட்டியை அவசியம் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கற காசு வீண் போகாது. பைனாகுலர் இல்லையா? ஜுவாலஜி டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க. அவ்வளவு தூரம் முடியாதுன்னா சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கவே இருக்கு. ஊர்க்காரங்க சேர்ந்து தூர் வாரி, நடுவுல திட்டு போட்டு மரம் வெச்ச ஏரி. காலையில ஆறு மணிக்குப் போனா நாரைக்கும் கொக்குக்கும் பஞ்சமே இல்லை.

ஆனா தனியாப் போகாதீங்க. ஆடு மேய்ச்சவங்க, தறி ஓட்டினவங்க, லாரி ஓட்டினவங்க, கிழங்கு மில்லுல வேலை பார்த்தவங்கன்னு நம்ம ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க பார்க்கறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. அடுத்த செமஸ்டர் லீவுக்கு டிக்கெட் போடும்போது, அவங்களுக்கும் சேர்த்துப் போட்டுடுங்க!