பரந்தன் வீதியால் ஒரு ஸ்கூட்டி தேடி

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று இந்த ஊர்களை வரிசை தவறாமல் சொல்ல எங்களில் பலருக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் உழவு இயந்திரப் பெட்டியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் இந்த வீதியால்தான் போனோம். ஓட்டிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்களை எண்ணெய் முடிந்த இடத்தில் விட்டுவிட்டு நடந்தவர்களும் உண்டு.

இப்போது அது காப்பற் வீதி. மாசி மாதத்தில் ஒரு நாள் என் மச்சாளை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே வீதியால் போனேன். அவருக்கு ஒரு வாகனம் பார்க்க வேண்டியிருந்தது. மச்சாள் இருப்பது புதுக்குடியிருப்பில். அங்கிருந்து ஒன்பது கிலோமீற்றர் உள்ளே இருக்கும் முன்பள்ளியில் ஆசிரியை. காலையில் ஒரேயொரு பஸ். அது வராத நாளில் முச்சக்கரவண்டி. மாதத்தில் நாலைந்து நாள் முச்சக்கரவண்டி பிடித்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்பதை முன்பள்ளி ஆசிரியைகள் அறிவார்கள். பிந்திப் போனால் வேலையே கேள்விக்குறி. சைக்கிள் ஓடலாமே என்று கேட்பீர்கள். அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே அந்த ஆண்டு பட்ட ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. பாதத்தின் முன்பக்கத்தில் உணர்வு குறைவு. சைக்கிள் மிதித்த நாளில் இரவு கால் வீங்கிவிடும்.

முதலில் கிளிநொச்சியில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனோம். அங்கு நின்ற தம்பி எடுத்த எடுப்பிலேயே காட்டியது 150 சிசி மோட்டார் சைக்கிள். "இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கினம் அக்கா" என்றார். நல்ல வாகனந்தான். ஆனால் அந்த அளவிலுள்ளவை பொதுவாக 140 கிலோவுக்கு மேல் பாரம். மச்சாள் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது விழுந்தா ஆர் தூக்கிறது?" என்று கேட்டார். தம்பி சிரித்தார். எனக்கோ, வாகனம் எடுக்கப் போகும் ஒவ்வொரு பெண்ணும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று பட்டது. புதிதாக ஓடுகிறவர்களின் வாகனம் பெரும்பாலும் விழுவது வேகத்தில் அல்ல. நிறுத்தும்போதும், திருப்பும்போதும், மணலில் உருட்டும்போதுந்தான். அப்போது பக்கத்தில் ஆள் இருக்கும் என்று சொல்ல முடியாது.

முரசுமோட்டையைத் தாண்டும்போது பழைய கதைகள் வந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. சூப்பிப் போத்தலில் இருக்கும் துளிப் பெற்றோலால் என்ஜினை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்தப் புகை மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. அப்போது கண்ட வாகனங்கள் ஹொண்டா எம்.டி. 90, ஹொண்டா சாளி போன்றவை. எம்.டி. 90 என்பது ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்தது. 1958 இல் வந்த சுப்பர் கப் என்ற வாகனத்தின் வழியில் வந்தது. கையில் கிளச் பிடிக்கத் தேவையில்லை. தூக்கிப் போடாமல் காலை உள்ளே விட்டு ஏறலாம், சேலையோடும் ஓடலாம். வன்னியில் பெண்கள் அதில் ஓடித் திரிந்ததைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 'பொம்பிளையளுக்கு ஏன் மோட்டார் சைக்கிள்' என்று இன்றைக்குச் சிலர் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

மச்சாளுக்கும் எம்.டி. 90 இல்தான் ஆசை. ஆனால் அதில் கியர் மாற்றுவது இடது பாதம். பஜாஜ் சி.டி. 100, ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற நூறு சிசி அளவிலுள்ள சிக்கனமான வாகனங்களிலும் அப்படியே. அவற்றில் கிளச்சும் உண்டு. இடது பாதத்தில் உணர்வில்லாதவர் கியர் விழுந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க முடியாதல்லவா? கால் சுகமாக உள்ளவர்களுக்கு, அதுவும் கிறவல் வீதியில் தினமும் ஓடுகிறவர்களுக்கு, நான் அந்த நூறு சிசி வாகனங்களைத்தான் சொல்லுவேன். சில்லு பெரியது, குழியில் விழுந்து எழும்பும், பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். 2022 இல் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர்தான் கிடைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஸ்கூட்டியில் கியரும் இல்லை, கால் பிறேக்கும் இல்லை. இரண்டு பிறேக்கும் கையில். மச்சாளுக்கு அதுதான் வழி. ஆனால் அதன் சில்லு சிறியது.

அந்தக் குறை என்னவென்று வீதியே காட்டியது. விசுவமடுவுக்கு அப்பால் வீதியோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லின் மேல் சிறிய சில்லு ஏறினால் எண்ணெயில் ஏறியது போல வழுக்கும். அங்கே பிறேக்கைத் தொடக் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹான்டிலைத் திருப்பாமல் நேராகப் போக வேண்டும். இரவில் மாடுகள் சூட்டுக்காகத் தார் வீதியில் வந்து படுக்கும். ஆகவே முன்விளக்கு நல்லதாக இல்லாத வாகனத்தை, அது எவ்வளவு மலிவாக வந்தாலும், எடுக்காதீர்கள்.

புதுக்குடியிருப்பில் எங்களுக்குப் பழக்கமான கராச் ஒன்றில் இரண்டு பாவித்த ஸ்கூட்டிகள் நின்றன. ஒன்று ஸ்கூட்டி பெப் பிளஸ், ஏறத்தாழ 95 கிலோ. மற்றது 110 சிசி; நூறு கிலோவுக்கு மேல், சில்லும் சற்றுப் பெரியது. கராச்காரர் வயதானவர். "முதல்ல ஏறி இருங்கோ பிள்ளை. ரெண்டு பாதமும் முழுசா நிலத்தில முட்டுதோ எண்டு பாருங்கோ" என்றார். இரண்டிலும் முட்டியது. பிறகு அவர் சொன்னது எனக்கும் புதிது. நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறோம். வீதியின் ஓரம் இடப்பக்கமாகச் சரிந்திருக்கும். ஓரத்தில் நிறுத்தும்போது வலது காலுக்கு நிலம் உயரமாகவும் இடது காலுக்குப் பள்ளமாகவும் வரும். ஆகவே மச்சாள் எப்போதும் வலது காலையே ஊன்றப் பழக வேண்டும். அதற்கு வாகனம் சிறிது வலப்பக்கம் சாயும் பழக்கம் கைக்கு வர வேண்டும். அவர் மச்சாளைக் கொண்டு என்ஜினை நிறுத்திய வாகனத்தில் இருபது தடவையாவது அதைச் செய்ய வைத்தார்.

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றியும் ஒரு சொல். 100 சிசி வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. ஸ்கூட்டி பெப் 88 சிசி, ஏ1 போதும். ஹீரோ பிளெஷர் 102 சிசி. பார்க்கச் சின்னதாக இருந்தாலும் ஏ வேண்டும். பதிவுப் புத்தகத்தில் சிசியைப் பார்த்தபின் விண்ணப்பியுங்கள். மருத்துவச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது காயத்தை மறைக்க வேண்டாம். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

புதிய வாகனம் எடுக்க எங்களுக்கு வசதி இல்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் தொடங்கும் வரை பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். லீசிங்கில் தருகிறோம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்திருந்தார். மாதக் கட்டணம் சிறிதாகத்தான் தெரிந்தது. மச்சாள் கொப்பியை எடுத்து அதை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, முற்பணத்தையும் கூட்டினார். வந்தவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கணவர் இல்லாத வீட்டில் இரண்டு தவணை தவறினால் வாசலுக்கு யார் வருவார்கள் என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் பட்டறிந்திருக்கிறார்கள். பதின்மூன்று மாதம் கட்டிய சீட்டுக் காசு மச்சாளிடம் இருந்தது. அதற்குள் வருவதைத்தான் பார்த்தோம்.

பாவித்ததை வாங்கும்போது என்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். சூடான என்ஜின் எதுவும் ஒரே தட்டில் பற்றும். ரயரின் பக்கச் சுவரில் வெடிப்பு, பிறேக் பிடிக்கும்போது இழுவை, முன் போர்க்கில் எண்ணெய்க் கசிவு இவற்றைப் பாருங்கள். என்ஜின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மாற்றாமல் வாங்கினால் பின்னர் அலைச்சல் உங்களுக்குத்தான்.

இரண்டு ஸ்கூட்டிகளையும் மச்சாளின் ஒழுங்கைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கக் கராச்காரர் சம்மதித்தார். வேறெந்தச் சோதனையும் இதற்கு ஈடில்லை. ஒழுங்கை கடைசியில் குருமணல். பெரிய சில்லுள்ளது சிறிது தூரம் கூடுதலாக ஓடிப் புதைந்தது. மச்சாள் இறங்கி இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. நான் பின்னால் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். ஸ்கூட்டி பெப் முன்னதாகவே புதைந்தது. ஆனால் மச்சாள் பின்பக்கப் பிடியைப் பிடித்து, வலது காலில் பாரத்தைக் கொடுத்து, தனியே இழுத்து எடுத்துவிட்டார். வியர்த்துப்போய் என்னைப் பார்த்து, "இதை எடுப்பம் மச்சாள்" என்றார்.

பத்திர வேலை முடிய ஒரு வாரம் எடுத்தது. அன்று பின்னேரம் நான் முல்லைத்தீவுக்குப் போக வேண்டியிருந்தது. முள்ளிவாய்க்கால் வரும்போது, எதிர்பார்த்தபடியே, கை தானாக வேகத்தைக் குறைத்தது. வட்டுவாகலில் நந்திக்கடலுக்கு மேலாக அந்தப் பழைய ஒடுங்கிய பாலம். புதிய பாலத்துக்கான வேலை 2025 இல் தொடங்கியது. குறுக்குக் காற்று பலமாக அடித்தது. இந்த இடத்தில் பாரம் குறைந்த ஸ்கூட்டி சற்றுத் தள்ளாடும் என்று மச்சாளிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன்.

மச்சாள் பாடசாலை மைதானத்தில் மூன்று கிழமை பழகினார். தலைக்கவசம் புதிதாகவே வாங்கினோம். அதில் மட்டும் பழையது பார்க்கவில்லை. அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தபின் முன்பள்ளிக்கு அதில்தான் போகிறார், காலை ஏழரைக்கு அங்கே நிற்கிறார். ஒழுங்கையில் மணல் ஆழமான இடத்தில் மட்டும் தென்னோலை வெட்டிப் போட்டு வைத்திருக்கிறார். மழை பெய்து மணல் இறுகினால் அதுவும் தேவைப்படாது என்கிறார்.