பதினொரு ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஸலாம்



மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாம் கைப்பேசி விளையாட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவையுங்கள் என்று பெற்றோரிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறோம். இன்றும் அதையே சொல்கிறோம். ஆயினும் சென்ற ஷஃபான் மாதத்தில் நமக்கு நேர்ந்த ஒன்றை மறைத்துவைப்பது நேர்மையாகாது.

காயல்பட்டினத்தில் நாங்கள் நால்வர் ஒன்றாக வளர்ந்தோம். ஒரே மக்தபில் ஓதினோம். அஸர் தொழுதுவிட்டு ஒரே திண்ணையில் கேரம் ஆடினோம். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் கேரத்தில் உலகச் சாம்பியன் ஆன காலம் அது. போரிக் பவுடர் வாங்கக் காசில்லாத நாட்களில், முகத்துக்குப் பூசும் பவுடரை உம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்து பலகையில் தூவுவோம். மஃரிபு பாங்கு கேட்டதும் காய்களை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். திரும்பிவந்து பார்த்தால் ஏதாவது ஒரு காய் இடம் மாறியிருக்கும். சண்டை வரும். மறுநாள் அஸருக்குள் அது மறந்தும் போகும்.

பின்னர் ஒருவர் துபாய்க்கும் ஒருவர் ஹாங்காங்குக்கும் சபுராளிகளாகப் போனார்கள். மூன்றாமவர் சென்னை மண்ணடியில் இருந்த வாப்பாவின் கடைக்குப் போனார். நாம் ஓதி முடித்து ஊரிலேயே உஸ்தாதாகத் தங்கிவிட்டோம்.

மண்ணடி நண்பரோடு உறவு அறுந்தது நம்மால்தான். அவருடைய வாப்பா மவுத்தான பின், சகோதரிகள் இருவருக்கும் உரிய பங்கைப் பிரித்துக் கொடுக்க அவர் தாமதித்தார். ஊருக்கு வந்திருந்த அவரிடம், இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் பத்துப் பேர் கேட்கும்படி, "கூடப்பிறந்தவர்களின் பங்கை வைத்துக்கொண்டு முதல் ஸஃப்பில் நின்று என்ன பயன்?" என்று கேட்டுவிட்டோம். நாம் எடுத்துக்காட்டிய சட்டத்தில் பிழையில்லை. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. அதை விதித்தவன் அல்லாஹ். ஆனால் சொன்ன இடமும் சொன்ன தொனியும் நஸீஹத்துக்கு உரியவையாக இல்லை. ஒரு மனிதரைப் பலர் முன்னிலையில் தலைகுனிய வைத்தோம். அவர் மறுமொழி சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பின் பதினொரு ஆண்டுகள் பேச்சில்லை.

ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்கலாகாது என்றும், இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் வரும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆண்டுதோறும் அதை மாணவர்களுக்குப் பாடம் நடத்தினோம். நடத்தும்போதெல்லாம், 'நாம் சொன்னது உண்மைதானே, வரவேண்டியவர் அவரல்லவா' என்று நஃப்ஸ் நமக்குச் சமாதானம் சொல்லும்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீடுகள்தோறும் லூடோ கிங் ஓடிக்கொண்டிருந்தது. ஹாங்காங் நண்பர் நம்மையும் அழைத்தார். பகடை உருட்டி ஆடுவதைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதைச் சொல்லி மறுத்தோம். "அப்படியானால் கேரம் கூடுமா, உஸ்தாதே?" என்று அவர் சிரித்தபடி கேட்டார். யூகத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பியிருக்கும் ஆட்டம் வேறு, சிந்தனையாலும் கணிப்பாலும் ஆடப்படுவது வேறு என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பந்தயம் கலக்காமல், தொழுகையைப் பாழாக்காமல் இருந்தால் கேரத்துக்குத் தடை சொல்ல நமக்கு வழி தெரியவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் மூவரும் கூடத் தொடங்கினோம். இருவர் ஆடுவர், மற்றவர் அலைபேசி அழைப்பில் இருந்து கேலி பேசுவார். நான்காமவரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சென்ற ஷஃபானில் ஒரு சனிக்கிழமை, "இன்று எனக்குப் பதிலாக வேறொருவர் ஆடுவார்" என்று மட்டும் ஹாங்காங் நண்பர் செய்தி அனுப்பினார். எதிர்ப்பக்கம் வந்தவருக்குப் பெயருக்குப் பதில் சில எண்களும் முகத்துக்குப் பதில் ஒரு கப்பல் படமும் இருந்தன. அவர் முதல் வாய்ப்பிலேயே ரெட்டைக் குறிவைத்தார். ரெட் விழுந்தது. ஃபாலோ எடுக்கப் பக்கத்தில் அவருடைய காய் எதுவும் இல்லை. ரெட் மீண்டும் நடுவட்டத்துக்குத் திரும்பியது. அடுத்த வாய்ப்பிலும் அதையே செய்தார்.

திண்ணையில் இப்படி ஆடியவர் ஒருவர்தான். "ஃபாலோவுக்குக் காய் இல்லாமல் ரெட்டுக்குப் போகாதே" என்று மூவரும் கத்துவோம், அவர் கேட்கமாட்டார்.

நமது விரல் அசையவில்லை. நமக்குரிய நேரம் ஓடி முடிந்து முறை அவருக்குப் போயிற்று. அந்த விளையாட்டில் ஒருவருக்கொருவர் அனுப்ப ஆயத்தமாகச் சில வாசகங்கள் வைத்திருக்கிறார்கள். நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லலாம், வாழ்த்தலாம், சிரிக்கும் முகம் அனுப்பலாம். ஸலாம் சொல்ல அதில் வழியில்லை. விளையாட்டை மூடிவிட்டு, பதினொரு ஆண்டுகளாக அழைக்காத எண்ணை அழைத்தோம்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். ஸலாம் சொன்னோம். சற்று நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு, "வஅலைக்குமுஸ் ஸலாம். உன் முறைல ஆடாம விட்டுட்டியே, மச்சான்" என்றார்.

"அன்னைக்குப் பள்ளிவாசல்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். மாப்புச் செய்" என்றோம்.

"நீ கேட்டது சரிதான். ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் அவங்க ஹக்கைக் கொடுத்து ஆறு வருஷமாச்சு. கொடுத்த அன்னைக்கு உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. எந்த முகத்தோட கூப்பிடுறதுன்னு விட்டுட்டேன்."

அடுத்து அவர் சொன்னது நம்மை உறங்கவிடவில்லை. அந்த இரவுக்கு முன்பே தவணையாகக் கொடுத்துவிட அவர் எண்ணியிருந்தாராம். பத்துப் பேர் முன்னால் நாம் கேட்டதும் மனம் இறுகிப்போய், ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டாராம். அது அவருடைய பிழை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் உரிமைக்காகப் பேசுவதாக எண்ணிய நமது நாக்கினால் அந்தப் பெண்கள் இருவரின் காத்திருப்பு நீண்டிருக்கிறது. அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டோம். அதன் பின் அவர் பங்கைக் கொடுத்துவிட்ட ஆறு ஆண்டுகளும் அவரை ஹராமான பொருளை உண்பவராகவே நெஞ்சில் எண்ணிவந்திருக்கிறோம். ஒருமுறை அழைத்து நலம் விசாரித்திருந்தால் அந்தத் தீய எண்ணத்துக்கு ஆயுள் இருந்திருக்காது.

இப்போது நாங்கள் நால்வரும் கூடுகிறோம். நமக்கு இஷா முடிந்து எட்டே முக்கால் மணி ஆகும்போது ஹாங்காங்கில் பதினொன்றே கால். துபாயில் ஏழே கால். ஆட்டத்தின் நடுவில் துபாய் நண்பரின் பக்கமிருந்து இஷா பாங்கு கேட்கும். காய்களை அப்படியே விட்டுவிட்டு அவரை அனுப்புகிறோம்.

சில வரம்புகளை வகுத்துக்கொண்டோம். வாரத்தில் ஓர் இரவு, ஒரு மணி நேரம். விளையாட்டுக்குள் காட்டும் காசை உண்மைப் பணம் கொடுத்து வாங்குவதில்லை; காசு வைத்து ஆடும் பகுதிக்குள் நுழைவதுமில்லை. மதுவோடு சூதையும் சேர்த்துத் தடுக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள், அவை பகைமையை மூட்டித் தொழுகையை விட்டும் தடுப்பதைக் காரணமாகக் கூறுகின்றன. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நம் நாட்டிலும் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகளின் கைப்பேசியில் எந்த ஆட்டம் இருக்கிறது, அதில் பணம் கைமாறுகிறதா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அழைக்காமல் விட்ட எண் ஒன்று இருக்கலாம். அதை அழைக்க விளையாட்டு எதுவும் தேவையில்லை. நமக்கு அது தேவைப்பட்டது நமது பலவீனம். 'நாம் சொன்னது சரிதானே' என்ற எண்ணம் உங்களையும் தடுத்துக்கொண்டிருந்தால், சரியாகவே இருக்கட்டும். ஸலாமை நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

அறுந்த உறவுகளைச் சேர்த்துவைப்பவர்களாகவும், நன்மையை நல்ல முறையில் எடுத்துச் சொல்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.