காசின் நிறமும் காசின் எடையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருத்தணியில் ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் மலையடிவாரத்துக் கடைகளுக்கு உறக்கம் கிடையாது. ரேணிகுண்டா பக்கமிருந்தும் அரக்கோணம் பக்கமிருந்தும் வரும் ரயில்கள் காவடிகளை இறக்கிய வண்ணம் இருக்கும். ரயில் நிலையச் சாலையில் கடிகாரம் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கும் எனக்கும் அந்நாட்களில் வேலை கூடும். கண்ணில் பொருத்திக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி என்னிடம் இருப்பதால் பழைய காசுகளைக் கொண்டுவந்து காட்டுவோரும் உண்டு. எனக்கும் காசு சேர்க்கும் பழக்கம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாளில், நகரியிலிருந்து வந்த விசைத்தறிக்காரர் வீட்டு இளைஞர் ஒருவர் என் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு வெள்ளி ரூபாயைப் பார்த்து நின்றுவிட்டார். ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை பொறித்த 1907ஆம் ஆண்டுக் காசு அது. விளிம்பில் நீலம், உள்ளே ஊதா, நடுவில் பொன்மஞ்சள் என மயில் கழுத்துப்போல் மின்னியது. "பாய், பதினோராயிரம் தர்றேன், குடுத்துடுங்க" என்றார். அந்த வாரத்தில் என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் குறைந்திருந்தது. கேட்ட மாத்திரத்தில் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காசைப் பற்றி அவர் அறியாத ஒன்றை நான் அறிந்திருந்தேன்.

முதலில் அந்த நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1835 முதல் 1939 வரை அச்சான ரூபாய்க் காசின் எடை 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. நம் பாட்டிமார் மருந்துப் பக்குவம் சொல்லும்போது 'ஒரு ரூபாய் எடை' என்பது இதைத்தான். இதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; எஞ்சியது செம்பு. காற்றிலும் தாளிலும் துணியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. மழைநீரில் மிதக்கும் எண்ணெய் வானவில்லாகத் தெரிவது போலவே, அந்தப் படலத்தின் தடிப்புக்கு ஏற்ப நிறம் தெரிகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்மை கலந்த ஊதா, அதன்பின் நீலம், இறுதியில் கறுப்பு. சேகரிப்பாளர்கள் இதை 'டோனிங்' என்கிறார்கள். வேதியியல் கணக்கில் பார்த்தால், வீட்டு வெள்ளிக் கிண்ணம் கறுத்துப்போவதும் இதுவும் ஒன்றே.

என் பாட்டனார் ஒரு தகர டப்பாவில் 31 வெள்ளி ரூபாய்களை விட்டுச்சென்றார். ஒவ்வொரு பெருநாளுக்கு முன்பும் என் தாயார் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து, பால்போல் வெளுக்க வைப்பார். அப்படித் தேய்த்த காசைச் சேகரிப்பாளர் கையிலும் தொடமாட்டார். தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பின் இயல்பான மினுக்கம் அழிந்துவிடும். அம்மா அழுக்கு என்று கழுவி ஊற்றியதற்கு வெளியுலகில் தனி விலை உண்டு என்பதை நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

இந்தத் தனி விலைக்குப் பெரும் சந்தை அமெரிக்கா. அங்கே 1878 முதல் 1904 வரையிலும் பின்னர் 1921இலும் அச்சான மோர்கன் வெள்ளி டாலர்களை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டி அரசுக் கருவூலத்தில் பல்லாண்டுகள் வைத்திருந்தார்கள். பைத்துணியை ஒட்டிக் கிடந்த காசுகளில் வானவில் நிறங்கள் படிந்தன. ஒரே ஆண்டில், ஒரே அச்சுச்சாலையில் பிறந்த வெள்ளை டாலரைக் காட்டிலும் பல மடங்கு விலைக்கு அவை போகின்றன. காசைப் பரிசோதித்து, 70 வரை தர எண் இட்டு, உறையில் அடைத்துத் தரும் பி.சி.ஜி.எஸ். 1986இலும், என்.ஜி.சி. 1987இலும் தொடங்கின. நிறம் இயற்கையானதுதானா என்ற ஐயம் எழுந்தால் அவை அக்காசுக்குத் தர எண் கொடுப்பதில்லை. கந்தகமும் சூடும் இருந்தால் அந்த நிறத்தைச் சில மணி நேரத்தில் வரவழைத்துவிடலாம் என்பதே இதற்குக் காரணம்.

அந்த நாகரிகம் இணையத்தின் வழியே நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. நானும் அதற்கு ஆட்பட்டேன். சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் மேற்சொன்ன எட்வர்டு ரூபாயை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதே ஆண்டின் நல்ல நிலையிலுள்ள வெறும் காசு அன்று 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அதிலிருந்த வெள்ளிக்கு மட்டும் விலை போட்டால் ஏறத்தாழ 700 ரூபாய். ஆக, காசுக்கு நான் கொடுத்தது 1,500. நிறத்துக்குக் கொடுத்தது 7,500. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கறுக்க ஆரம்பிச்ச காசுக்கா இவ்வளவு குடுத்தீங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அறியாமல் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறு மாதங்கள் கழித்து வேறொரு கண்காட்சியில் அதே வியாபாரியின் மேசையில் மேலும் இரண்டு காசுகளைக் கண்டேன். ஆண்டுகள் வேறு, நிறமோ அச்சு மாறாமல் அதே நீலம், அதே ஊதா, அதே அகலத்தில் அதே வளையங்கள். வீட்டுக்கு வந்து என் காசைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்லப் படியும் நிறம் பெரும்பாலும் மேடான எழுத்துகளின் ஓரத்தில் சற்றே மாறும். என் காசிலோ எழுத்தென்றும் பள்ளமென்றும் பாராமல் சாயம் ஊற்றியதுபோல் நிறம் கடந்து சென்றிருந்தது. மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் இடையே படிப்படியான மாற்றமும் இல்லை. தேர்ந்தவர்களும் கண்ணால் மட்டும் பார்த்து இதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் என் மனத்துக்குத் தெரிந்துவிட்டது. காசு உண்மை, நிறம் ஐயத்துக்குரியது.

நகரி இளைஞர் கேட்ட காசு இதுதான். இரவு வந்து பதில் சொல்கிறேன் என்று அவர் மலையேறிப் போனார். நான் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஷைத்தான் எனக்கு நல்ல நல்ல வாதங்களை எடுத்துக் கொடுத்தான். 'அவராகவே விலை சொன்னார். நிறம் இயற்கையா என்று அவர் கேட்கவில்லை. உன்னிடம் விற்றவன் உனக்குச் சொன்னானா? ஐயம்தானே, உறுதி இல்லையே.' ஒவ்வொன்றும் அறிவுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத்திடம் விவரத்தைச் சொன்னேன். அவர் இரண்டு ஹதீஸ்களை நினைவூட்டினார். கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள்; ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த வியாபாரியும் தானியத்தை நனைக்கவில்லை, மழைதான் நனைத்தது. குறை எவரால் வந்தது என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. வாங்குபவர் கண்ணுக்கு அது தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் கைபர் பேரீச்சம்பழச் செய்தி. கைபரின் பொறுப்பாளர் 'ஜனீப்' என்னும் உயர்ந்த ரகப் பழங்களைக் கொண்டுவந்தார். கைபரின் பழங்கள் எல்லாமே இப்படித்தானா என்று நபியவர்கள் (ஸல்) கேட்டார்கள். இல்லை, சாதாரணப் பழத்தில் இரண்டு ஸாஉ கொடுத்து இதில் ஒரு ஸாஉ வாங்குகிறோம் என்றார் அவர். அவ்வாறு செய்ய வேண்டாம், சாதாரணப் பழத்தைத் திர்ஹத்துக்கு விற்றுவிட்டு, அந்தத் திர்ஹத்தைக் கொண்டு உயர்ந்த பழத்தை வாங்குமாறு வழிகாட்டினார்கள்.

வெள்ளிக் காசு சேர்ப்பவர்களுக்கு இதில் நேரடியான சட்டம் இருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளியை மாற்றினால் எடை சமமாக இருக்க வேண்டும். கைக்குக் கை உடனே மாற வேண்டும். அழகுக்காக ஒரு பக்கம் கூடுதல் எடை வைப்பது ரிபா. கண்காட்சிகளில் 'மூன்று வெறும் ரூபாய்க்கு ஒரு கலர் ரூபாய்' என்று மாற்றிக்கொள்வது சகஜமாக நடக்கிறது. நானே செய்திருக்கிறேன், அல்லாஹ் மன்னிப்பானாக. அந்த மூன்றையும் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் ஒன்றை வாங்குவதே நமக்குக் காட்டப்பட்ட வழி.

அன்று மாலை கடைக்குத் திரும்பி நடந்தபோதுதான் அந்த வழியில் இருந்த இன்னொரு நன்மை எனக்குப் புலப்பட்டது. பணம் நடுவே வந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே விலை சொல்லியாக வேண்டும். நிறத்துக்கு மட்டும் 7,500 என்று அன்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேன். ஒரே தொகைக்குள் எடையும் ஆண்டும் நிறமும் கலந்து கிடந்ததால்தான் கண் ஏமாந்தது.

கூடுதல் விலைகள் எல்லாம் ஒரே மாதிரியும் அல்ல. 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பலர் அறிவீர்கள். மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றிபோல் தோன்றியதால் முஸ்லிம்கள் ஆட்சேபித்தனர். காசுகளைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டு, 1912இல் உருவத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். அக்காசுக்கு இன்று கூடுதல் விலை இருப்பதற்குச் சரித்திரம் சாட்சி. நிறத்தின் விலைக்கோ, அடுத்து வாங்குபவரின் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர் ரசனை மாறினால் விலை போயிற்று. வீட்டில் யாரேனும் அறியாமல் ஒருமுறை துலக்கிவிட்டாலும் போயிற்று.

இரவு எட்டு மணிக்கு அந்த இளைஞர் மொட்டையடித்த தலையில் சந்தனத்தோடு வந்தார். கண்ணாடியை அவரிடமே கொடுத்து, எழுத்துகளின் ஓரத்தைக் காட்டி, நான் கண்ட மற்ற இரண்டு காசுகளைப் பற்றியும் சொன்னேன்.

"அப்போ இது டூப்ளிகேட்டா, பாய்?"

"காசு அசல்தான் தம்பி. நிறத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது."

சற்று யோசித்துவிட்டு, வெறும் காசின் விலையான 1,500க்குத் தருவீர்களா என்றார். மனம் ஆடியது. ஆனால் நான் சொன்ன குறை அவரோடு நின்றுவிடும். காசு அவரிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது கூடவே போகாது. கொடுக்கவில்லை. அவர் வருத்தப்படாமல் பிரசாதப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார். கல்லூரிக் கட்டணத்தை மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டி, மூன்று மாதங்களில் அடைத்தேன். அந்தக் காசு இன்றும் கடையில் இருக்கிறது. காசு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்கு உதவுகிறது.

அழகிய நிறமுள்ள காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பது அறிவுடைமையா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இது. கடனும் கட்டணமும் தீர்ந்தபின் மிஞ்சும் பணமாக இருந்தால், திரும்பி வராது என்று தெரிந்தே, பார்த்து மகிழ்வதற்காக அளவோடு கொடுக்கலாம்; அழகை விரும்புவது குற்றமல்ல. முதலீடு என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். வாங்குமுன் வெள்ளியின் விலை, அதே ஆண்டின் வெறும் காசின் விலை, நிறத்துக்குக் கேட்கும் விலை ஆகிய மூன்றையும் தாளில் தனித்தனியே எழுதுங்கள். நேரில் பார்த்து, பணம் கொடுத்த கையோடு காசை வாங்குங்கள். தரச் சான்று பெறலாமென்று நூறாண்டு கடந்த காசை அயல்நாட்டுக்கு அஞ்சலில் அனுப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவோரை நம்ப வேண்டாமென்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜகாத்தையும் மறந்துவிட வேண்டாம். ஒரு பழைய ரூபாயில் தூய வெள்ளி 10.69 கிராம். வெள்ளியின் நிஸாபை 595 கிராம் என்றும் 612 கிராம் என்றும் ஆலிம்கள் கணக்கிடுகின்றனர். அதன்படி 56 முதல் 58 காசுகளே நிஸாபை எட்டிவிடும். வீட்டில் வேறு வெள்ளியும் பணமும் இருந்தால் இன்னும் குறைந்த காசுகளே போதும். விற்பதற்காக வைத்திருப்பவர் சந்தை விலைக்குக் கணக்கிட வேண்டும் என்பதால் நிறத்தின் விலையும் அதில் சேரும். 1940 முதல் வந்த வெள்ளி ரூபாய்களில் வெள்ளி பாதிதான். 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல். உங்கள் கணக்கை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற ரமளானில் ஜகாத்துக்காகப் பாட்டனாரின் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடை போட்டோம். அடியில் மடித்த பழுப்புத் தாளுக்குள் ஒரு காசு தப்பிக் கிடந்தது. அம்மாவின் புளிக்கு அகப்படாமல் விளிம்பில் இளமஞ்சளும் ரோஜா நிறமும் மெல்லப் படிந்திருந்தது. மகள் அதை வாங்கி விளக்கடியில் வெகுநேரம் பார்த்தாள். தராசில் வைத்தபோது மற்றக் காசுகளின் எடையே அதற்கும் இருந்தது. கணக்கில் ஒன்று என்று எழுதிக்கொண்டு, அதே தாளில் மடித்து வைத்துவிட்டோம்.

நம் வியாபாரத்தில் மறைப்பு இல்லாமலும், நம் ஆசைகளில் அளவு தவறாமலும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.