எண்ணிப் பார்த்த அறிஞர்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்பவன் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பான். கொல்கத்தாவில் படிக்க வந்திருக்கும் நாமும் அதைத்தான் செய்கிறோம். ஞாயிறு மாலையில் விடுதியில் நாலு தமிழர் கூடினால் போதும். கடுகெண்ணெயின் நெடியும், சட்டினியின் இனிப்பும், விடாத புழுக்கமும் நம் பேச்சில் அரைபடும். ஒப்பிடுவது குற்றமன்று. ஆனால் அதற்கு முன் இரு பக்கத்தையும் உற்றுப் பார்த்திருக்க வேண்டாமா?

இந்த வினாவை என்னுள் எழுப்பியவர், இதே நகருக்குக் குடிபெயர்ந்து வந்த ஆங்கில அறிஞர் ஹால்டேன்.

1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்த ஜே. பி. எஸ். ஹால்டேன், டார்வினின் கொள்கைக்குக் கணித அடிப்படை அமைத்த மூவருள் ஒருவர். முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் காயமுற்ற பின் இந்தியாவில் சில காலம் தங்கினார். இந்நாட்டு மக்களோடு சமமாகப் பழகக்கூடிய காலத்தில்தான் மீண்டும் வருவது என்று அப்போதே உறுதி பூண்டார். 1957இல், தம் அறுபத்து நான்காம் வயதில், லண்டன் பேராசிரியர் பதவியைத் துறந்து, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். முந்திய ஆண்டில் தம் நாடு சூயஸ் மீது படையெடுத்ததை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார். மேனாட்டு உடையைக் களைந்து ஜிப்பா அணிந்தார். 1961இல் இந்தியக் குடிமகனும் ஆனார்.

வந்த நாட்டைப் பற்றி அவர் நிறைய எழுதினார். அவற்றுள் பல நம் சென்னை 'இந்து' நாளிதழில் வெளிவந்தவை. அவர் இந்தியாவைப் புகழ்ந்தும் இருக்கிறார்; இடித்துரைத்தும் இருக்கிறார். எனினும் என்னைக் கவர்ந்தவை அவருடைய புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அல்ல. இங்குள்ள உயிர்களை அவர் பார்த்த முறையே.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்குவோர்க்கு அவர் காட்டிய வழி எளியது: எண்ணுங்கள். அவருடன் பணியாற்றிய எஸ். கே. ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். நெல்வகைகளைக் கலந்து பயிரிட்டால் விளைச்சல் கூடக்கூடும் என்பதையும் ஆராய்ந்தார். டி. ஏ. டேவிஸ் தென்னை மரங்களை எண்ணினார்; ஓலைகள் இடஞ்சுழியாக அமைந்த மரங்கள் வலஞ்சுழி மரங்களைவிட மிகுதியாகக் காய்ப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். பறவைகளைக் கொல்லாமலே ஆராய்வது எப்படி என்று ஹால்டேன் 1959இல் ஒரு கட்டுரை வரைந்தார். அகிம்சை பிறந்த மண்ணில் அறிவியலும் அகிம்சை வழியில் நடக்கலாம் என்பது அவர் கருத்து.

தமிழில் 'எண்ணுதல்' என்ற ஒரே சொல் கணக்கிடுதலையும் குறிக்கும், சிந்தித்தலையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகச் செய்தவர் அவர்.

நெல் ஆராய்ச்சியைப் படித்தபோது என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். குறுவையோடு ஒட்டடானைக் கலந்து விதைத்து, ஒன்றன்பின் ஒன்றாக இருமுறை அறுக்கும் தஞ்சை 'உடு' சாகுபடியைப் பற்றி அவர் கதைகதையாகச் சொல்வார். ராய் செய்த சோதனை வேறு, உடு வேறு. ஆயினும் வயலில் நின்று எண்ணிப் பார்த்தவன் இருவரிடத்தும் இருக்கிறான் அல்லவா?

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம் உண்டு. என் மேசைமீது கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்றின் கடிதம் கிடக்கிறது. இங்கே எங்கள் ஆய்வுக்கூடக் கருவி நான்கு மாதமாகப் பழுதுபட்டுக் கிடக்கிறது. "போனால் திரும்பி வருவாயா?" என்று கேட்கிறார் அப்பா. நேரான விடை என்னிடம் இல்லை. தங்குவதே அறம், போவது பிழை என்று ஹால்டேனைக் காட்டி வாதிடவும் முடியாது. அவரும் தாய்நாட்டை விட்டு வந்தவரே. இங்கும் அவர் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. புள்ளியியல் நிறுவனத்திலிருந்து விலகி, 1962இல் புவனேசுவரத்துக்குச் சென்று, 1964 டிசம்பர் 1ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. எங்கே இருந்தோம் என்பதைவிட, இருந்த இடத்துக்கு எவ்வளவு கவனம் செலுத்தினோம் என்பதே பெரிது என்று அவர் வாழ்க்கை எனக்குச் சொல்கிறது.

நம் விடுதி வாயிலில் ஒரு பவழமல்லி நிற்கிறது. வங்காளிகள் அதைச் 'சியூலி' என்பார்கள். இரண்டு வாரமாக, விடியலில் உதிரும் பூக்களில் நூறு பொறுக்கி இதழ்களை எண்ணி வருகிறேன். ஐந்திதழ் எத்தனை, ஆறு எத்தனை, ஏழு எத்தனை என்று குறித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் அம்மரம் உண்டு. விவரம் கேட்ட அம்மா, முதலில் சிரித்தார். பிறகு தாமும் எண்ணத் தொடங்கிவிட்டார். காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் இரண்டு கணக்கையும் படித்துக்கொள்கிறோம். சாப்பிட்டாயா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தப் பழக்கத்தை எடுத்துச் செல்லலாம். அதற்கு எடையும் இல்லை, சுங்கமும் இல்லை. கணக்கில் துணை செய்ய விரும்பும் நண்பர்கள் நாளை காலை ஆறு மணிக்கு மரத்தடிக்கு வரலாம்.